பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அபிப்பிராயம்

இப்போதெல்லாம் படம் விட்டு ஜனங்கள் வெளியே வருவதற்குள் வாசலிலேயே மைக்கை நீட்டிவிடுகிறார்கள். "படம் எப்படிங்க?" "சூப்பருங்க, குடும்பத்தோட பாக்கலாமுங்க." அடுத்த ஆளும் அதையேதான் சொல்கிறார். என் தம்பி மகள் சினிமா விளம்பரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். போன வாரம் தொலைக்காட்சியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அத்தை, மைக்கு இல்லாத காலத்துல ஜனங்க என்ன நினைக்கறாங்கன்னு எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"அதுதான் கண்ணு எனக்கு வேலையே" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பீளமேட்டில் மில் தொழிலாளி வீட்டில் பிறந்தவள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங் பாஸ் செய்து, ஐம்பதுகளின் நடுவில் கோயமுத்தூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பட விநியோகக் கம்பெனியில் சேர்ந்தேன். சென்னையில் எடுக்கிற படங்களை எங்கள் ஜில்லாவுக்கு வாங்கி, ஊர் ஊராகத் தியேட்டர்களுக்கு அனுப்புகிற கம்பெனி. சேர்ந்து கொஞ்ச நாள் கடிதம் தட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா ஆபீஸிலும் எல்லா டைப்பிஸ்டும் செய்வதுதான்.

என்னை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டவர் மேனேஜர் வெங்கடபதி. வீட்டில் தெலுங்கும் வெளியில் அசல் கோயமுத்தூர்த் தமிழும் பேசுகிறவர். யாராவது முக்கியமான விஷயம் பேச வந்தால் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். நமக்கு முதுகுதான் தெரியும். கையில் வறுத்த வேர்க்கடலை இருக்கும். ஒவ்வொன்றாக உடைத்துத் தோலை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டே கேட்பார். கடலை உடைவது நின்றால் நாம் சொன்னது அவர் மனதில் தைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு நாள் அப்படி நின்றுகொண்டே சொன்னார். "அம்மணி, படத்தோட ஊரூராப் போற நம்ம ரெப்புங்க எல்லாம் ஆம்பளைங்க. கொட்டாயில பாதி இடம் பொம்பளைங்களுது. அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு நமக்கு ஒண்ணுமே தெரியறதில்ல. நீ போய் உக்காந்து கேட்டுட்டு வாரியா?"

அன்றைக்குத் தியேட்டர்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே மார்பளவு சுவர் இருக்கும். டூரிங் கொட்டகை என்றால் தட்டி. பெண்களுக்குத் தனி வாசல், தனி டிக்கெட் ஜன்னல். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் கம்பெனியிலிருந்து யாரும் உட்கார்ந்ததே இல்லை. என் அம்மா சம்மதிக்கத் தயங்கினாள். வெங்கடபதி சார் தன் மனைவியை எங்கள் வீட்டுக்கு அனுப்பிப் பேசினார். வெளியூரில் தங்குவது தியேட்டர் முதலாளியின் வீட்டில், அவர் வீட்டுப் பெண்களோடுதான் என்ற ஏற்பாட்டின் பேரில் அம்மா ஒப்புக்கொண்டாள்.

வேலைக்கு அவர் வகுத்துக்கொடுத்த முறை இதுதான். யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் மரியாதைக்கு நல்லா இருக்குது என்றுதான் சொல்வார்கள். நம் பக்கத்து ஜனங்களுக்கு எதிரில் இருப்பவர் மனம் நோகப் பேச வராது. ஆகவே சும்மா உட்கார வேண்டும். நாற்காலியில் அல்ல, பெஞ்சில். முன்னும் பின்னும் ஆள் இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். இடைவேளையில் முறுக்குக்காரனிடம் கூட்டத்தோடு நிற்க வேண்டும். படம் விட்டதும் கூட்டத்தோடு நடக்க வேண்டும். வாசலைத் தாண்டி வீதிக்கு வந்த பிறகு வாயிலிருந்து முதலில் விழுகிற பேச்சுதான் அபிப்பிராயம். அதற்கு முன்னால் வருவதெல்லாம் மூச்சு.

திரும்பி வந்தால் அவர் கேட்பதும் மாறாது. "எங்கெ சிரிச்சாங்க? எங்கெ பேச்சு நின்னுச்சு? வெளிய வந்து மொதல்ல என்ன பேசினாங்க?" நல்லா ஓடும் சார் என்று நான் ஆரம்பித்தால், "அதைச் சொல்ல ஜோசியன் இருக்கறான் அம்மணி" என்பார்.

இரண்டு மூன்று வருஷங்களில் எனக்கு அந்த வேலை பழகிவிட்டது. வளையல் சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் படம் தொய்கிறது என்று சொல்வேன். கைக்குழந்தை அழுதும் தாய் எழுந்து போகவில்லை என்றால் அந்தக் கட்டம் தேறிவிட்டது. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

அப்போதுதான் "பத்து விரல் மோதிரம்" வந்தது.

ஒரு மோசடிக்காரனின் கதை. ஊருக்கு ஒரு வேஷம் போடுகிறவன். ஜமீனுக்கு டாக்டராகப் போய் ஒரு டானிக் கொடுப்பான். ஜமீன்தார் அதன் ருசியில் சொக்கி, இன்னும் இன்னும் என்று கேட்டு வாங்கிக் குடித்து, சிரித்த முகமாகவே செத்துப்போவார். இவன் அழுகிற அழுகையைப் பார்த்துச் சொந்த மகன்களே இவனைத் தேற்றி, கொள்ளிச் சட்டியையும் இவன் கையிலேயே கொடுப்பார்கள். அடுத்து ஒரு ஜட்ஜ் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போவான். ஊரிலுள்ள திருடர்களை எல்லாம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவதாகப் பெருமையடிக்கிற ஜட்ஜ், தன் விரல் மோதிரத்தைக் கழற்றி இவனுக்குப் போட்டுவிடுவார். கடைசியில் அவனைப் பிடிக்கப் போலீஸ் கிளம்பும்போது, அவனே இன்ஸ்பெக்டர் உடுப்பில் தேடுதல் வேட்டைக்குத் தலைமை தாங்குவான். ஏமாந்தவர்கள் எல்லாரும் அவனிடமே வந்து அவன் அடையாளத்தைச் சொல்வார்கள். "விட மாட்டேன் அவனை" என்று சொல்லி பஸ் ஏறுவான். கண்டக்டர் சல்யூட் அடிப்பான். நம்மைப் பார்த்து ஒரு புன்னகை. படம் முடிந்தது.

அந்த மாதிரி படம் அதுவரை எங்கள் பக்கம் வந்ததில்லை. சாவு வீட்டில் சிரிக்கலாமா என்று ஜனங்களுக்கே சந்தேகம். கோயமுத்தூரில் முதல் காட்சியில் ஆண்கள் பக்கம் சிரித்துக்கொண்டே இருந்தவர்கள், கடைசியில் அவன் தப்பித்துப்போனதும் கத்தினார்கள். பெஞ்சைத் தட்டினார்கள். எங்கள் ஆண் பிரதிநிதிகள் எல்லாரும், பெண்கள் இந்தப் படத்துக்கு வரவே மாட்டார்கள் என்றார்கள். சென்னையிலிருந்த தயாரிப்பாளர் பயந்துபோய் அவசரமாக வேறொரு முடிவை எடுத்து, புது ரீலாக அனுப்பிவைத்தார். அதில் மோசடிக்காரன் தன் தாயின் காலில் விழுந்து கதறுவான். ஏமாந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்று கண்ணீரோடு அவனை மன்னிப்பார்கள். ஒரு பாட்டும் உண்டு.

வெங்கடபதி சார் உடனே மாற்றவில்லை. "ஈரோட்டுல புது முடிவு, கோபியில பழைய முடிவு. ரெண்டையும் கேட்டுட்டு வா அம்மணி. அடுத்த வாரம் புரொட்யூசரே இங்க வாராரு. அன்னைக்கு முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

முதலில் ஈரோடு போனேன். புது முடிவில் பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. நானும் அழுதேன், மறைப்பானேன். நல்ல நடிகை அந்தத் தாய். ஆனால் வெளியே வந்து ஜங்ஷன் பக்கம் கூட்டத்தோடு நடந்தபோது ஒருத்தி வீட்டில் உளுந்து ஊறப்போட்டதைப் பற்றிப் பேசினாள். இன்னொருத்தி மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கிற தன் வீட்டுக்காரரைத் திட்டினாள். படத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கோபிசெட்டிபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை மேட்னி. சிரிப்பு அலை அலையாக வந்தது. ஜமீன்தார் செத்த இடத்தில் ஓர் அம்மாள் சிரித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் எனக்கு முன் பெஞ்சில் ஓர் இளம்பெண் இருந்தாள். நீல நிறச் சுங்கடிப் புடவை. அவள் ஓர் இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. ஜட்ஜ் வீட்டுக் கல்யாணம் வந்தபோது இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மேட்னிக்குப் போனால் அதே பெண் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அன்று படம் விட்டதும் அவளோடு நடந்தேன். வாய்க்கால் பாலம் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வயலும் வாழைத்தோட்டமும். அங்கே அவளே திரும்பி, "ஏனுங்கக்கா, நேத்தும் வந்திருந்தீங்கல்ல? உங்களுக்கும் இந்தப் படம் அப்படிப் புடிச்சுப்போச்சுங்களா?" என்று கேட்டாள்.

நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவள் பெயர் ருக்மணி. பாலத்துச் சுவரில் உட்கார்ந்தபடி அவள் கதையைச் சொன்னாள்.

அவளுக்கும் இப்படி ஒரு மாப்பிள்ளைதான் வந்தான். ஈரோட்டில் ரயில்வே இன்ஜினியர் என்றான். அழகாகப் பேசினான். அவள் அப்பா ஊரெல்லாம் விசாரித்துத்தான் பெண் கொடுத்தார். தாய்மாமன், அத்தை என்று அவன் கூட்டிவந்தவர்கள் நாடகத்தில் நடிக்கிற கூலி ஆட்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கல்யாணம் முடிந்த இரண்டாம் வாரம், நகைகளைப் பாங்கில் பத்திரமாக வைத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவன் திரும்பவே இல்லை.

"ஊருல ஆரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசலீங்கக்கா. அதான் பெரிய கஷ்டம். எங்கய்யனைக் கண்டா எல்லாரும் குரலைத் தாழ்த்தி, 'ஏனுங்க, சௌக்கியமுங்களா'ன்னு கேப்பாங்க. சாவு ஊட்டுல கேக்கற மாதிரி. எங்கய்யன்தான் பக்கத்து ஊரு பஞ்சாயத்துக்கெல்லாம் போய் நாயம் சொல்றவரு. ஆளைப் பாத்தே சொல்லிப்போடுவேன்னு சொல்லீட்டிருந்தவரு. அதுக்கப்பறம் ஊட்ட உட்டாத் தோட்டம், தோட்டத்த உட்டா ஊடு. என்ற மொகத்தப் பாத்துப் பேசி ரெண்டு வருசமாச்சுங்க."

அன்று ஒரே ஒரு தடவை மேனேஜர் வகுத்த முறையை மீறி நானாகக் கேட்டேன். புது முடிவைச் சொல்லி, "அவன் தண்டனை இல்லாம போறதைவிட இது மேல் இல்லையா?" என்றேன்.

ருக்மணி எழுந்து நின்றுவிட்டாள். முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது.

"தப்பிச்சுப் போனா அவன் திருடன். அழுது மன்னிப்பு வாங்கிப்போட்டா அவன் நல்லவனாயிருவான். அப்பறம் அவனை மன்னிக்காத நாங்க ஆருங்கக்கா? கெட்டவங்களா?"

மறுபடி உட்கார்ந்தவள் மெதுவாகச் சொன்னாள். "ஜட்ஜு, டாக்டரு, போலீசு, அத்தனை பேரும் ஏமாறறாங்க. கொட்டாயே சிரிக்குது. இதை எங்கய்யன் ஒருக்கா பாத்துப்போட்டாப் போதும். நாஞ் சொன்னா வரமாட்டாருங்க. படமும் வெள்ளிக்கிழமை மாறிருமாமா."

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா சென்னியப்பன் களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். ஆள் பெரிய உருவம். பார்வை மட்டும் தரையில் இருந்தது. என்னைக் கட்டிலில் உட்காரச் சொல்லி மோர் கொண்டுவரச் சொன்னார்.

"கோயமுத்தூர்ல படக் கம்பெனியில இருந்து வாரேனுங்க. இந்தப் படத்தப் பத்திப் பெரியவங்க அபிப்பிராயம் தெரிஞ்சுக்கணும்னு எங்க மேனேஜர் அனுப்பிச்சிருக்காருங்க. நீங்க வந்து பாத்துச் சொன்னா உபகாரமா இருக்குமுங்க" என்றேன்.

"படம் எதப் பத்தீங்க?"

சமையல்கட்டு வாசலில் ருக்மணி நின்றாள். ஏதாவது சாமி படம், குடும்பப் படம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் பொய் சொல்லி ஒரு மனிதரைக் கூட்டிப்போவது அந்தப் படத்து நாயகன் செய்கிற வேலை.

"மாப்பிள்ளைன்னும் டாக்டருன்னும் சொல்லி ஊரையே ஏமாத்தறவன் கதைங்க" என்றேன்.

தேங்காய் உரிப்பது நின்றது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். ருக்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கை கால் கழுவிக்கொண்டு துண்டால் துடைத்தபடி வந்தார்.

"மேட்னி எப்பங்க ஆரம்பம்?" என்றார்.

அவர் ஆண்கள் பக்கம் போனார். நானும் ருக்மணியும் சுவருக்கு இந்தப் பக்கம். எங்களுக்கு அவர் தெரியவில்லை. படம் ஓடியது, ஜமீன்தார் செத்தார், இடைவேளை வந்தது. சோடா குடிக்கக்கூட அவர் வெளியே வரவில்லை என்று ருக்மணி எட்டிப் பார்த்துச் சொன்னாள். அழைத்து வந்தது தவறோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஜட்ஜ் வீட்டுக் கட்டம் வந்தது. ஜட்ஜ் மோசடிக்காரனின் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "இது யோக்கியனின் முகம்" என்று தீர்ப்புச் சொல்லி மோதிரத்தைப் போட்டுவிடுகிறார். கொட்டகை முழுக்கச் சிரித்து ஓய்ந்தது. ஓய்ந்த பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு சிரிப்பு கேட்டது. முதலில் இருமல் என்றுதான் நினைத்தேன். கிணற்றின் துருப்பிடித்த கமலை உருளைபோலத் திக்கித் திக்கி ஆரம்பித்து, பிறகு வயிற்றிலிருந்து கிளம்பி நிற்க முடியாமல் வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு மற்றவர்கள் மறுபடியும் சிரித்தார்கள்.

ருக்மணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் உடைகிற பிடி.

"எங்கய்யனுங்கக்கா" என்றாள்.

படம் விட்டு வெளியே வேப்பமரத்தடியில் அவருக்காக நின்றோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் முதலில் என்ன பேசப்போகிறார் என்று என் காது முழுக்க அங்கேதான் இருந்தது.

"சட்டம் படிச்ச மனுசன் பாருங்க, ஜட்ஜு. அவரே மோதரத்தக் கழட்டிக் குடுத்துப்போட்டாரு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவன் பஸ் ஏறிப் போயிட்டான். போவட்டும். நாம இங்கதான இருக்கறோம்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நட கண்ணு, ஊட்டுக்குப் போலாம். பசிக்குது" என்றார்.

சென்னைத் தயாரிப்பாளர் எங்கள் ஆபீஸுக்கு வந்த அன்று என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். மனிதர் நல்லவர்தான். போட்ட பணம் போய்விடுமோ என்ற பயத்தில் இருந்தார். ஆண் பிரதிநிதிகள் எல்லாரும் புது முடிவையே ஆதரித்தார்கள். "ஈரோட்டுல லேடீஸ் அழுதாங்கல்ல? அப்புறம் என்ன?" என்று தயாரிப்பாளர் என்னைக் கேட்டார்.

வெங்கடபதி சார் ஜன்னலோரம் போய்விட்டார். கடலை உடைகிற சத்தம். "சொல்லு அம்மணி" என்றார் முதுகைக் காட்டியபடி.

சொன்னேன். ஈரோட்டில் அழுதார்கள், வீதிக்கு வந்ததும் உளுந்தைப் பற்றிப் பேசினார்கள். கோபியில் அழவில்லை, வீடு போய்ச் சேரும்வரை அவனைத் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் போனார்கள். பிறகு, பெயரைச் சொல்லாமல், ருக்மணி பாலத்தில் சொன்னதை அவள் வார்த்தையிலேயே சொன்னேன். அப்புறம் அவனை மன்னிக்காத நாங்கள் யார் என்று அவள் கேட்டதைச் சொன்னபோது கடலை உடைவது நின்றது.

"ஒரு பொண்ணோட அபிப்பிராயத்துக்காக ஒரு ரீலைத் தூக்கிப் போடறதா?" என்றார் தயாரிப்பாளர்.

வெங்கடபதி சார் திரும்பினார். "ஏமாந்தவங்க இந்த ஊருல ஒருத்தர் ரெண்டு பேருங்களா? ஒவ்வொரு ஊட்டுலயும் ஒருத்தர் இருக்கறாங்க. சீட்டுல, மாட்டுத் தரகுல, கல்யாணத்துல. அவங்கெல்லாம் கொட்டாய்க்கு வாராங்க. அவங்களப் போயி, எந்திரிச்சு நின்னு மன்னிச்சுட்டுப் போங்கன்னு சொல்றதுக்கு நமக்கு என்னங்க யோக்கியதை இருக்குது?" என்றார். "மத்த ஏரியாவுல உங்க இஷ்டமுங்க. என்ற ஏரியாவுல பழைய முடிவுதான். நட்டம் வந்தா அது என்ற நட்டம்."

நஷ்டம் வரவில்லை. கோபியில் வெள்ளிக்கிழமை எடுக்கவேண்டிய படத்தை எடுக்கவில்லை. பிறகு அது ஊர் ஊராகப் போனது. வெள்ளகோவில் டூரிங் கொட்டகைக்கு நானும் போயிருந்தேன். முதல் ஆட்டம். மணலில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவன் இன்ஸ்பெக்டர் உடுப்பில் பஸ் ஏறிப் புன்னகைத்ததும், முன் வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கையை நீட்டி, "டேய், காங்கயத்துப் பக்கம் வந்துராதே! வந்தீன்னா முதுகுத் தோலை உரிச்சுப்போடுவேன்!" என்று கத்தினாள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் கைதட்டினார்கள். இந்தப் பக்கம் பெண்கள் மணலை அள்ளித் திரையில் வீசினார்கள், வீசிக்கொண்டே சிரித்தார்கள். கொட்டகை முதலாளி திரை கிழிந்துவிடுமே என்று ஓடிவந்தார். அந்தக் கூச்சலின் நடுவே தலையெல்லாம் மணலோடு உட்கார்ந்திருந்தேன். இந்தப் படத்தின் முடிவை இப்படி நிற்க வைத்ததில் என் பங்கும் உண்டு என்று நினைத்தபோது, எழுந்து எல்லாரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை.

அடுத்த கோடை விடுமுறை முடிகிற சமயம். ஒரு நாள் மத்தியானம் எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் ஒரு வாழைத்தார் ஏறி வந்தது. பின்னால் சென்னியப்பன். வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த தலை. வெங்கடபதி சாருக்கு வணக்கம் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து, போன மாசம் நாங்கள் அனுப்பிய படம் சரியில்லை என்று ஆரம்பித்துவிட்டார். வில்லன் நடிப்பு போதாதாம். சார் கடலையை அவர் பக்கம் நீட்டி மேலே சொல்லச் சொன்னார்.

எல்லாம் பேசி முடித்த பிறகு என்னிடம் வந்தார். "அம்மணி, என்ற புள்ளைய இங்க டீச்சர் டிரெய்னிங்ல சேர்த்துப்போட்டேனுங்க. ஹாஸ்டல்ல தங்கறா. இந்த ஊருல கார்டியன் ஒருத்தரு வேணும்னாங்க. உங்க பேரைச் சொல்லிப்போட்டேனுங்க."

எனக்குத் திகைப்பாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தது அந்த ஒரே ஒரு நாள்தான். கோயமுத்தூரில் அவருக்குச் சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர்.

"என்னைப் பத்தி ஆருகிட்டயும் விசாரிக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"படம் எதப் பத்தீன்னு கேட்டப்ப, மூஞ்சியப் பாத்து உள்ளதைச் சொன்னீங்கல்ல. அது போதுமுங்க" என்றார்.

ஊரையே விசாரித்து மகளைக் கொடுத்து ஏமாந்த மனிதர், விசாரிக்காமல் அவளை என் பொறுப்பில் விட்டுவிட்டுக் கோபி பஸ்ஸுக்குக் கிளம்பினார். நான் வேலை பார்த்த காலம் முழுக்க எனக்குப் பாராட்டுகள் வந்திருக்கின்றன. சம்பளம் உயர்ந்திருக்கிறது. தயாரிப்பாளர்கள் கார் அனுப்பி அழைத்திருக்கிறார்கள். இதற்கு ஈடாக ஒன்றும் கிடைத்ததில்லை.

அன்று சாயங்காலமே ஹாஸ்டலுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். ருக்மணி வாசலில் காத்துக்கொண்டிருந்தாள்.